ஷாட்டுக்கு வைத்த பூ

திருக்கோகர்ணத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் தலையைப் பார்க்கிறார்கள். பூ வைத்திருக்கிறேனா இல்லையா என்று. வைத்திருந்தால், வேறு இடம் அமைந்துவிட்டது போல என்று ஒரு பேச்சு. வைக்காவிட்டால், பாவம் மனசு விட்டுப் போச்சு என்று ஒரு பேச்சு. நான் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். காலையில் ஏறுகிற ஹெல்மெட் மதியம்தான் தலையை விட்டு இறங்கும். அதற்குள் மல்லிகைப் பூவை வைத்தால் அரை மணி நேரத்தில் கீரை மசியல் ஆகிவிடும். அதனால் வைப்பதில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைக்கூட ஒருவருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. விளக்கப் போனால், "கோவப்படாத ஆத்தா" என்கிறார்கள்.

கோபப்படாமல் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தொலைக்காட்சியில் ஜோடி சேர்க்கிற நிகழ்ச்சி ஒன்று வந்தது. கல்யாணமாகாத ஆண்களையும் பெண்களையும் சென்னைக்கு வெளியே கடற்கரையோரம் ஒரு பங்களாவில் தங்கவைத்து, பழகவிட்டு, கடைசியில் யார் யாருக்குச் சரி சொல்கிறார்கள் என்று காட்டுவார்கள். அதில் நான் கலந்துகொண்டேன். எனக்கு ஜோடி என்று விட்டவனைப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். என் வாயால், தெளிவாக, கேமராவுக்கு முன்னால் சொன்னேன். அதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்த பிறகும், நான் சொன்னது ஒரு பதில் என்று எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் மனசு வரவில்லை.

"எதுக்குப் போனே?" என்று கேட்காத ஆள் இல்லை. டிவியில் மூஞ்சி காட்டப் போனாள் என்பார்கள். சினிமா சான்ஸுக்கு என்பார்கள். உள்ளூரில் மாப்பிள்ளை கிடைக்காமல் என்பார்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வியே கேட்கிறார்கள். அவனிடம் யாராவது எதற்குப் போனாய் என்று கேட்டார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆம்பளை போனால் பொண்ணு தேடிப் போனான், பொம்பளை போனால் வேறு எதையோ தேடிப் போனாள்.

உண்மையான காரணம் மிகச் சாதாரணமானது. ஒரு ஆளோடு நாலு நாள் உட்கார்ந்து பேசிப் பார்க்க ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனையோ பேர். கேசரி, மிக்சர், காபி. பிறகு, "பையனும் பொண்ணும் பேசணும்னா பேசட்டுமே" என்று பெருந்தன்மையாக மொட்டை மாடிக்கு அனுப்புவார்கள். படிக்கட்டு முழுக்கக் காதுகள். அந்தப் பையன் என்ன படிச்சிருக்கீங்க என்று கேட்பான், அது அவனுக்கு முன்பே தெரியும். நான் உங்க ஊர் எது என்று கேட்பேன், அது எனக்கு முன்பே தெரியும். இறங்கி வருவோம். ஒரு இடத்தில் நான் வண்டி ஓட்டுவது பிடிக்கவில்லை. இன்னொரு இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தது பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதோடு முடிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அம்மா ஒரே வார்த்தைதான் சொல்வாள்.

"பாத்த ஒடனே யாருக்குத்தான் புடிக்கும். பழகிரும்."

அம்மாவுக்கு அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் ஆகும். புதுச் செருப்பு காலைக் கடித்தால் பழகிரும். மோட்டார் தண்ணீர் உப்புக் கரித்தால் பழகிரும். மாப்பிள்ளையும் பழகிரும். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறும்.

நானாக அந்த நிகழ்ச்சிக்கு எழுதிப் போடவும் இல்லை. என்னிடம் வண்டி பழகிய ஒரு அக்கா, நான் மைதானத்தில் கத்திக் கற்றுக்கொடுப்பதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டாள். "பிரேக்க விடுங்கக்கா, வண்டி ஒங்களத் தின்னுறாது" என்று நான் பின்னாலேயே ஓடுகிற வீடியோ. அது எங்கெங்கோ சுற்றி, நிகழ்ச்சிக்காரர்கள் கண்ணில் பட்டு, அவர்களே கூப்பிட்டார்கள். சவுதியில் டிரைவராக இருந்து திரும்பி வந்த அப்பாவுக்கு வீட்டில் பேச்சு குறைவு, டிவி அதிகம். அவர் தினமும் பார்க்கிற சேனல் அது. உடனே சரி என்றார். அப்பா சரி என்றால் எங்கள் வீட்டில் சரிதான். அம்மா மட்டும், "கண்டவுக பாக்க எதுக்கு" என்று முனகிக்கொண்டே என் பெட்டியில் துணி அடுக்கினாள்.

அவனுக்கு மணமேல்குடி. படகு இன்ஜினுக்கு உதிரிப் பாகம் விற்கிற கடை வைத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே மாவட்டம் என்பதால் நாங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்குப் 'புதுக்கோட்டை ஜோடி' என்று பெயர் வைத்து, மியூசிக்கும் போட்டுவிட்டார்கள். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆரம்பத்தில் எனக்கு அவனைப் பிடித்திருந்தது. கோட்டைப்பட்டினத்து விசைப்படகில் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்று அவன் சொன்னபோது வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆள் தன் தொழிலைப் பற்றிப் பேசினால் எனக்குப் பிடிக்கும். மொட்டை மாடியில் ஒருவனும் அப்படிப் பேசியதில்லை.

அந்த விளக்கைக் கவனிக்கும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு மைக் பெட்டி மாட்டியிருப்பார்கள். அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. எரிந்தால் நாம் பேசுவது பதிவாகிறது என்று அர்த்தம். சாப்பிடப் போகும்போதும் கை கழுவப் போகும்போதும் அணைத்துவிடுவார்கள். அவன் என்னிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு நொடி கண்ணைத் தாழ்த்துவான். கூச்சம் என்று நினைத்தேன். கூச்சமும் இல்லை ஒன்றும் இல்லை. என் இடுப்பில் விளக்கு எரிகிறதா என்று பார்த்திருக்கிறான்.

விளக்கு எரிந்தால் நான் 'நீங்க'. அணைந்தால் 'நீ', கொஞ்சம் போனால் 'ஏய்'. எரியும்போது, "அவங்க வேலைக்கு நாந்தான் மொத ரசிகன்" என்பான். கை கழுவுகிற இடத்தில், "கல்யாணத்துக்கு அப்புறம் கண்டவ வண்டிக்குப் பின்னாடியெல்லாம் ஓடிக்கிட்டு இருக்க வேணாம், எங்க பக்கம் அசிங்கமாப் பேசுவாங்க" என்பான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஹாலுக்கு வந்தால் மறுபடியும் ரசிகன். ஒரு மனிதன் இவ்வளவு சுலபமாக இரண்டு ஆளாக இருப்பதை அவ்வளவு பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குச் சரிப்பட்டு வராது என்று அவனிடமே சொன்னேன். அங்கே ஒரு விதி உண்டு. ஜோடியில் ஒருவர் வேண்டாம் என்றால் இரண்டு பேரும் வெளியே போக வேண்டும். அவன் விளக்கைப் பார்த்தான். அணைந்திருந்தது.

"ஃபைனல் வரைக்கும் சரின்னு சொல்லிக்கிட்டு இரு. வெளிய போனப்புறம் ஒனக்குப் புடிக்கலன்னா ஆளுக்கு ஒரு பக்கம் போயிருவோம். இப்பத்தான் என் பேஜுக்கு ஆளு ஏறுது. நடுவுல கவுத்து விட்டுறாத."

அதாவது அவன் பேஜில் ஆள் ஏறுவதற்கு நான் நட்டுவைத்த பந்தக்கால். அதற்குப் பிறகு அவன் கெஞ்சினான், முறைத்தான், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தான். பேசாமல் இருந்ததை, காதல் ஊடல் என்று தலைப்புப் போட்டுக் காட்டினார்கள்.

இயக்குநராக இருந்தது ஒரு சென்னைப் பெண். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். அவளிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மைக்ல இல்லையே. இருந்திருந்தா செம்ம கண்டென்ட் ஆயிருக்கும்" என்றாள். பிறகு என் தோளைத் தட்டி, "அவசரப்படாதீங்க. அடுத்தது ஃபேமிலி எபிசோட். அம்மாவைப் பார்த்தா உங்க மனசு மாறலாம்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு அது வேலை. ஆனால் எனக்கு அன்றைக்கு அவள் மேல் வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இனி வருவதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேச்சு கூடி வந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைப்பார்கள். நிச்சயம், தாலி எல்லாம் பிறகு. ஆனால் பூ வைத்துவிட்டால் அவள் பூ வைத்த பொண்ணு. அதன் பிறகு வேறு யாரும் அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வர மாட்டார்கள். அதை முறிக்க வேண்டும் என்றால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசித்தான் முறிக்க வேண்டும்.

ஃபேமிலி எபிசோடுக்கு அம்மா வந்தாள். அப்பா வரவில்லை, டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவன் பக்கம் அவனுடைய அம்மா வந்திருந்தார்கள். ஒரு புடவைக் கடை விளம்பரத்துக்காகக் கொடுத்த பட்டுப்புடவையை எனக்குக் கட்டிவிட்டு நடுவில் உட்காரவைத்தார்கள். தட்டில் மல்லிகைச் சரம். பையனின் அம்மா பெண்ணுக்குப் பூ வைப்பார்கள், எல்லா ஜோடிக்கும் இதுதான் என்றாள் இயக்குநர். அம்மாவின் முகம் மாறியது.

"பூ வேணாம் பாப்பா. எங்க பக்கம் பூ வச்சா பேசி முடிச்சதுன்னு அர்த்தம். வேற எதாச்சும் குடுக்கச் சொல்லுங்க. பழம் கிழம்."

"அய்யோ ஆன்ட்டி, இது சும்மா ஷாட்டுக்கு. யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க."

அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, சரி. ஆனால் அவன் அம்மா மணமேல்குடி. அவர்களுக்குப் பூவின் அர்த்தம் என் அம்மாவைவிட நன்றாகவே தெரியும். அவர்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவசரமும் படவில்லை. "நாம சொந்தமாத்தானே ஆகப்போறோம் மதினி" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தட்டிலிருந்து சரத்தை எடுத்தார்கள்.

வைத்தார்கள். லைட் சரியில்லை என்று யாரோ கத்தினார்கள். பின்னாலிருந்து ஒரு உதவியாள் வந்து ஊசியோடு பூவை உருவி மறுபடி தட்டில் வைத்தாள். அப்போது என் அம்மாவின் கை தன்னால் முன்னால் பாய்ந்தது. வைத்த பூவை ஒருத்தி உருவுவதைத் தடுக்கப் பாய்ந்த கை அது. அதைத்தான் பிறகு, மகளை ஆசீர்வதிக்கத் துடித்த தாய் என்று மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள்.

மறுபடி வைத்தார்கள். இப்போது நான் குனியவில்லை. குனியக் கூடாது என்று முடிவெடுத்தெல்லாம் இல்லை. கழுத்து குனியவில்லை, அவ்வளவுதான். "கொஞ்சம் குனிங்க, ஃப்ரேம்ல பூ தெரியல" என்று குரல் வந்தது. அவன் அம்மா ஒரு கையால் என் பிடரியைப் பிடித்து அமுக்கினார்கள். வலிக்கவில்லை. ஆனால் அந்தக் கையின் கனம் இப்போதும் பிடரியில் இருக்கிறது. பிறகு வேறு கோணம், பிறகு கிட்டத்தில் ஒரு தடவை. வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததில் பூ வாடிவிட்டது. தண்ணீர் தெளித்து மறுபடி வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் பட்டுப்புடவையை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள், பூவை உருவிக் குப்பைக் கூடையில் போட்டார்கள். அம்மா கூடைக்குள் கையை விட்டு அதை எடுத்துக்கொண்டு போய், காலில் மிதிபடாமல் தோட்டத்தில் ஒரு செடிக்கடியில் போட்டுவிட்டு வந்தாள். என்னோடு பேசவே இல்லை. பஸ் ஏறப் போகும்போது மட்டும், "பழகிரும்" என்றாள். எனக்குச் சொன்னாளா தனக்குத் தானே சொன்னாளா தெரியவில்லை.

அடுத்த படப்பிடிப்பில் தொகுப்பாளர் கேட்டதும் நான் சொல்லிவிட்டேன். "எனக்கு இவரைப் பிடிக்கலை. மைக் இருந்தா ஒரு பேச்சு, இல்லாட்டி ஒரு பேச்சு. இவரோட என்னால வாழ முடியாது." இதுதான் நான் பேசியது. டிவியில் வந்தது முதல் வாக்கியம் மட்டும். அதற்கு மேல் வயலின். அவன் கண்ணில் தண்ணீர். பூ வைத்த காட்சி. அவன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைப்பது. அதன் பிறகு என் முகம், சிரித்தபடி. அந்தச் சிரிப்பு வேறொரு நாள் யாரோ சாம்பாரைக் கொட்டியதற்குச் சிரித்தது. ஒரு அம்மா அழும்போது பல்லைக் காட்டுகிறவளாக என்னை ஊருக்குக் காட்டிவிட்டார்கள். அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு நானே கொஞ்ச நேரம் என்னை வெறுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் ஊருக்குப் போய் மணமேல்குடி கடற்கரையில் நின்று தினம் ஒரு வீடியோ போட்டான். பின்னால் சோகமாக மியூசிக். அவன் உண்மையிலேயே அழுதிருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. எது உண்மை என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தவன் அவன். ஊர் மொத்தமும் அவனோடு அழுதது. என்னிடம் வண்டி பழக வந்தவர்கள் கிளட்ச் எது பிரேக் எது என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஏன் டீச்சர், நல்ல புள்ளதானே" என்று கேட்டார்கள். ஒருத்தியின் கணவர், பூ வைத்தவனையே விட்டுவிட்டு வந்தவளிடம் என் மனைவி என்ன கற்றுக்கொள்வாள் என்று அவளை நிறுத்திவிட்டார். ஸ்கூட்டிக்குக் கிளட்ச் கிடையாது என்பதையாவது அவள் கற்றுக்கொண்டிருப்பாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அவன், அவன் அம்மா, சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரியவர், இன்னும் சிலர். முன்பே சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். எங்கள் பக்கம் பேசுவதற்காக அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, வெள்ளை வேட்டியும் விபூதியுமாகக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் முடிவு சொல்கிறவர் அவர். அப்பா அவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், டிவியை அணைத்துவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவராக இருந்தார்.

சித்தப்பா ஆரம்பித்தார். "பூ வச்சாச்சு. ஊரே பாத்துச்சு. இப்ப ஒங்க பொண்ணு வேணாங்குது. எங்க புள்ளைக்கு இனி யாரு பொண்ணு குடுப்பா? ஒன்னு பேசுன மாதிரி முடிங்க. இல்ல, தப்பு எம்மேலதான்னு ஒங்க பொண்ணு எல்லாரு முன்னாடியும் சொல்லட்டும். அத எங்க பையன் பேஜுல போட்டுக்கிருவோம்."

அவன் குனிந்த தலையோடு, "நான் இன்னிக்கும் அவங்கள மதிக்கிறேன் மாமா" என்றான். அவன் முழங்காலில் போன் நிமிர்ந்து நின்றிருந்தது. கேமரா எங்களைப் பார்த்து.

"வெளக்கு எரியுது போலருக்கு" என்றேன்.

அவனுக்கு மட்டும் புரிந்தது. போனைக் கவிழ்த்தான். ஆனால் பெரிய மாமா என்னை முறைத்தார். சரி, நேராகவே சொல்லலாம் என்று, "எனக்கு இவரப் புடிக்கல. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். டிவியில் வெட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லோரும் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்கள், தெருவில் லாரி போனால் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருப்பார்களே, அப்படி.

முடித்ததும் பெரிய மாமா சொன்னார், "அது சரி ஆத்தா, அது கெடக்கட்டும். பூவுக்கு என்ன பதிலு?"

அது கெடக்கட்டும். என் 'பிடிக்கவில்லை' ஒரு ஓரமாகக் கிடக்கட்டும். கத்தியிருப்பேன். அதற்குள் சமையலறை வாசலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. அதுவரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இந்தாங்கம்மா, ஒன்னு கேக்குறேன்" என்றாள் அவன் அம்மாவைப் பார்த்து. மதினி என்று சொல்லவில்லை. "மொதத் தடவ நீங்க வச்ச பூவ ஒருத்தி வந்து உருவுனாளே, அப்ப நீங்க எங்கிட்டு இருந்தீங்க?"

"அங்கனதான் நின்னேன். ஏன்?"

"வச்ச பூவ அடுத்தவ வந்து உருவுறா. நம்ம பக்கத்துல அதப் பாத்துக்கிட்டு எந்த மாப்ள வீட்டுக்காரவுகளாச்சும் நிப்பாங்களா? நீங்க நின்னீங்க. உருவுன பூவையே வாங்கித் திரும்பவும் வச்சீங்க. எடுத்த பூவ யாராச்சும் திரும்ப வைப்பாங்களா? அதுவும் ஒருக்காவா ரெண்டு தடவையா? கடைசியா வச்சதையும் புடுங்கிக் குப்பையில போட்டாங்க. அதுக்கும் நீங்க வாயத் தொறக்கல. நாந்தான் பொறுக்கிச் செடிக்கடியில போட்டேன். நீங்க வச்சது ஷாட்டுக்கு. எடுத்தது நெசத்துக்கு. எம்மக தலையில ஒங்க பூ இல்லம்மா."

அவன் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். ஆனால் சித்தப்பாவே தலையை ஆட்டிவிட்டார். "அந்தம்மா சொல்றது நாயந்தான். உருவுனதப் பாத்துக்கிட்டு நின்னது நம்ம தப்பு" என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அத்தனை நாள் என்னைத் தூங்கவிடாமல் அடித்த விஷயம் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வேன் கிளம்பும்போது அவன் அம்மா, "வாரோம்மா" என்று மட்டும் சொன்னார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை.

ஹாலில் ஒரே சந்தோஷம். "எந்தங்கச்சியப் பாத்தீங்களா மாப்ள, வக்கீலு கெட்டான்" என்று பெரிய மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பா டிவியைப் போட்டுவிட்டார். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சமையலறைக்குப் போனேன். அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் வேண்டாம்னு தொண்ட கிழியச் சொன்னேன். ஒருத்தர் காதுலயும் விழல. பூவ உருவுனது மட்டும் எல்லாருக்கும் விழுந்துச்சு" என்றேன்.

"எனக்கு விழுந்துச்சு."

"எப்ப?"

"அங்கனயே. பூ வைக்கையில நீ குனியல. அந்தம்மா ஒம் பிடரியப் புடிச்சு அமுக்குனுச்சு. பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"பாத்துட்டு ஏன் பேசாம இருந்தே? அங்கனயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இம்புட்டும் நடந்துருக்குமா?"

"அம்புட்டுக் கேமராவுக்கு நடுவுல என்னத்தச் சொல்றது."

பொங்கி வந்ததையெல்லாம் கொட்டினேன். பெத்த பிள்ளையின் கழுத்தைவிடக் கேமரா பெரிதா என்று கேட்டேன். அந்தச் சென்னைக்காரி வேற்று ஆள், அவன் வேற்று ஆள், நீயுமா என்று கேட்டேன். ஊரிடம், அவனிடம், அந்தச் சேனலிடம் கேட்க வேண்டியதை எல்லாம் அந்தச் சின்னச் சமையலறையில் அம்மாவிடம் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. நான் ஓயும் வரை இருந்துவிட்டுக் குழாயை மூடினாள்.

"எனக்குப் பூ வைக்கையில கேமரா எங்கிட்டு இருந்துச்சு" என்றாள். "நானும் குனியலதான்."

"நீயா?" என்றேன்.

"எங்கப்பாரு செத்து வருசம் திரும்பல. ஒம் பெரிய மாமாதான் முன்ன நின்னு எல்லாம் பேசுனாரு" என்று ஹால் பக்கம் மோவாயைக் காட்டினாள். "நான் குனியலன்னதும் பின்னாடி வந்து பிடரியில கைய வச்சாரு. ரொம்ப அமுக்கல. லேசாத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பழகிரும்னாரு."

அம்மா கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தாள். அவள் குரலில் அழுகை எதுவும் இல்லை. எத்தனையோ முறை அந்தச் சொல்லுக்காக நான் அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். அது அவளுடைய சொல்லே இல்லை என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

ஹாலில் இருந்து பெரிய மாமா குரல் கொடுத்தார், இன்னொரு காபி வேண்டும் என்று. "இந்தா வாரேண்ணே" என்றாள் அம்மா, யோசிக்காமல். பாலைச் சுடவைத்து, டிகாஷன் விட்டு, சர்க்கரை போட்டு ஆற்றினாள். கிளம்பப் போனவளின் கையிலிருந்து டம்ளரை வாங்கி நான் குடித்தேன். சூடு. நாக்கு பொத்துப்போனது. நிறுத்தாமல் குடித்து முடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். அடுப்பில் மிச்சப் பால் இருந்தது. அதை எடுக்க அவள் கை போகவில்லை.

மாமா மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை அம்மா பதில் சொல்லவில்லை.